மேலுரம் சுமந்த மலைத்தளங்கள்

நியூசிலாந்து வட தீவின் மலைநாட்டுச் சாலைகளில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். செங்குத்தான ஆட்டு மேய்ச்சல் குன்றின் முதுகில், முந்நூறு நானூறு மீட்டர் நீளத்துக்கு மட்டம் செய்த ஒரு புல் பட்டை கிடக்கும். மேல் முனையில் துருவேறிய தகரக் கொட்டகை. கீழ் முனை பள்ளத்தாக்கின் விளிம்பில் சட்டென்று முடிந்துபோகும். வேலி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அரை நூற்றாண்டுக்கு முன் அங்கே ஒரே நாளில் நூறு முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கியிருக்கக்கூடும் என்றால் புதிதாகக் குடியேறியவர்கள் நம்பமாட்டார்கள்.

விமானத்திலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு மேலுரம் தூவும் தொழில் இந்நாட்டில் வணிக முறையில் தொடங்கியது 1949-இல். பவள விழா ஆண்டு வந்தும் போய்விட்டது. பள்ளிக்கும் கோயிலுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் விழா மலரில் வரலாறு எழுதுவது தமிழர்களான நம் வழக்கம். பண்ணை ஓடுதளங்கள் தனியொரு நிறுவனத்தின் சொத்து அல்ல. ஒவ்வொன்றும் ஒரு விவசாயியின் நிலத்தில், அவர் செலவில் வெட்டியது. ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்கின. இந்நாட்டின் கம்பளியும் இறைச்சியும் வெண்ணெயும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு இந்தத் தளங்களை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. அவை எழுந்த கதையையும் கைவிடப்பட்ட கதையையும் எழுதிவைக்காமல் போனால் அது பெரிய நன்றிக்கேடு என்று நான் நினைக்கிறேன்.

கதை காட்டை எரித்ததில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியக் குடியேறிகள் வட தீவின் மலைக்காடுகளை வெட்டிச் சாய்த்துத் தீயிட்டார்கள். சூடு ஆறிய சாம்பலில் புல் விதையையும் கிளோவர் விதையையும் தூவினார்கள். சாம்பலின் சத்தில் முதல் சில ஆண்டுகள் புல் செழித்தது. ஆடுகள் பெருகின. பிறகு சத்து தீர்ந்தது. இந்த மலை மண்ணில் இயல்பாகவே மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கந்தகமும் குறைவு. இவ்விரண்டும் இல்லாமல் கிளோவர் வளராது. கிளோவர் பயறு இனத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்த்தால்தான் கூட வளரும் புல்லுக்கு உணவு. கிளோவர் நலிந்தது, புல் நலிந்தது. பெரணியும் மானுக்காப் புதரும் திரும்பி வந்தன, கோர்ஸ் முள்ளும் பரவியது. மரவேர் செத்த சரிவுகளில் மழைதோறும் மண் வழுக்கி இறங்கியது. 1930-களில் விலைவாசியும் வீழ்ந்தபோது பண்ணைகளைப் போட்டுவிட்டுப் போனவர்கள் பலர்.

மருந்து என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது. சூப்பர் பாஸ்பேட். மணிச்சத்தும் கந்தகமும் ஒரே மூட்டையில் வரும். சமவெளியில் வண்டி கட்டித் தூவலாம். நாற்பது பாகைச் சரிவில் என்ன செய்வது? குதிரை முதுகில் மூட்டையை ஏற்றி, மேட்டில் இறக்கி, கையால் வீசினார்கள். ஒரு நாள் முழுக்க வீசினாலும் ஒரு மூலைதான் முடியும். 1938 வெள்ளத்துக்குப் பிறகு மண்ணரிப்பு நாட்டுப் பிரச்சினையானது. 1941-இல் மண்பாதுகாப்புக்கும் ஆற்றுக் கட்டுப்பாட்டுக்குமாகத் தனிச்சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த அவையில் பணியாற்றிய டக் கேம்பெல், விமானத்தால் மட்டுமே இந்த மலைகளைக் காப்பாற்ற முடியும் என்று இடைவிடாமல் வாதாடியவர்.

வானிலிருந்து விதைப்பது புது எண்ணமும் அன்று. 1906-இல் ஜான் சேட்டர் என்பவர் கயிறு கட்டிய வெப்பக்காற்றுப் பலூனிலிருந்து சதுப்பு நிலத்தில் விதை தூவியதைப் பதிவுகள் சொல்கின்றன. 1939-இல் பொதுப்பணித் துறை விமானி ஆலன் பிரிச்சர்ட், தொண்ணூறு மைல் கடற்கரையின் மணல்மேடுகளைக் கட்டிப்போட லூபின் விதையை விமானத்திலிருந்து தூவினார். அரசு விமானத்தில் அரசு நேரத்தில் தன் ஆர்வத்தால் செய்து பார்த்த சோதனை அது. போர் முடிந்ததும் கேம்பெல் போன்றோரின் வற்புறுத்தலுக்குப் பலன் கிடைத்தது. நியூசிலாந்து விமானப்படை, டார்பிடோ வீசக் கட்டிய கிரம்மன் அவெஞ்சர் விமானங்களின் வயிற்றில் உரத்தொட்டி பொருத்தி, 1948-இல் ஒஹாக்கியாவிலும் பிறகு மாஸ்டர்ட்டனிலும் சூப்பர் பாஸ்பேட்டைக் கொட்டிக் காட்டியது. எத்தனை அடி உயரத்தில் பறந்தால் எவ்வளவு அகலத்துக்கு உரம் பரவும், தூளாக இருந்தால் காற்று எவ்வளவு கொண்டுபோகும், குருணையாக இருந்தால் எப்படி விழும் என்று அளந்தார்கள். பார்க்க வந்த விவசாயிகள் மனத்தில் கணக்குப் போட்டபடியே திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டே தனியார் இறங்கிவிட்டார்கள். போர்க்காலப் பயிற்சிக்கு வாங்கிய டைகர் மாத் இரட்டை இறக்கை விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே தொட்டி வைத்தார்கள். ஏறத்தாழ 200 கிலோ உரம் கொள்ளும். போரிலிருந்து திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்த இளம் விமானிகளும் ஏராளம். ஹாமில்டனில் ஆசி ஜேம்ஸ் தொடங்கிய ஜேம்ஸ் ஏவியேஷன், கிஸ்பர்னின் ஃபீல்ட் ஏர் என்று நிறுவனங்கள் முளைத்தன. 1950-51 கொரியப் போர்க் கம்பளி விலையேற்றம் விவசாயிகளின் கையில் அதுவரை பார்த்திராத பணத்தைக் கொடுத்தது. அந்தப் பணம் உரமாகி மலைமேல் விழுந்தது. 1950-களின் இறுதிக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இருந்தன.

இங்கேதான் ஓடுதளம் வருகிறது. உரத்தை ஊர் விமான நிலையத்திலிருந்து தூக்கிக்கொண்டு பறந்தால் எரிபொருளுக்கே காசு போய்விடும். தூவும் நிலத்தின் தலைமாட்டிலேயே தளம் இருக்க வேண்டும். புல்டோசர் ஓட்டுநர் ஒருவரும் விமானி ஒருவரும் விவசாயியோடு குன்றுகளில் நடந்து இடம் பார்ப்பார்கள். தளத்தை வேண்டுமென்றே சரிவாகத்தான் வெட்டினார்கள். வெறும் தொட்டியோடு வரும் விமானம் மேடு நோக்கி இறங்கும். ஏற்றமே வேகத்தைக் குறைத்துவிடும். மேல் முனையில் திரும்பி நின்று உரம் ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் ஓடி வேகம் பிடித்து, விளிம்பைத் தாண்டியதும் கீழே பள்ளத்தாக்கு. சுமையோடு இருக்கும் விமானத்துக்கு அந்த ஆழம்தான் துணை. ஒரே வழிதான் உண்டு: வருவது மேலே, போவது கீழே. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த வழி மாறாது. இறங்கத் தொடங்கிய பிறகு மனத்தை மாற்றிக்கொள்ள இடமில்லாத தளங்கள் பல.

வேலை நாள் விடியலுக்கு முன் தொடங்கும். பகல் ஏற ஏறக் காற்று எழும் என்பதால் காலைப் பொழுது பொன்னானது. லோடர் வண்டிக்காரர் கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளித் திறந்து, சாம்பல் நிறக் குவியலில் வண்டியின் வாளியை முட்டிப் பார்ப்பார். ஈரம் பட்ட சூப்பர் பாஸ்பேட், சுருக்கமாகச் சூப்பர், கட்டி தட்டிப்போகும். கட்டியான உரம் தொட்டியின் வாயில் அடைத்துக்கொண்டால் விமானியால் கொட்ட முடியாது. அவசரத்தில் சுமையைக் கொட்ட முடியாத விமானி பிழைப்பது அரிது. அதனால் அந்தக் குவியலை முட்டிப் பார்ப்பது சடங்கு அல்ல, உயிர்க்காப்பு. விமானம் மேட்டில் வந்து திரும்பும்போதே வாளி உயர்ந்திருக்கும். எஞ்சின் நிற்காது. ஒரு டன் அளவு தூள் சில நொடிகளில் தொட்டிக்குள் இறங்கும். வண்டி பின்வாங்கும், விமானி கையை உயர்த்துவார், விமானம் சரிவில் உருளும். சில நிமிடங்களில் திரும்ப வந்து நிற்கும். இப்படியே மதியம் வரை. இருவரும் பேசிக்கொள்வது கையசைவில் மட்டும். காலை உணவு பண்ணை வீட்டில். விமானி வரும் நாளில் அந்த வீட்டின் அடுப்படிக்கு ஓய்வே இராது.

தொடக்கத்தில் உரம் மூட்டையாகவே வந்தது. ஆட்கள் மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கவிழ்த்தார்கள். மொத்தமாக லாரியில் கொண்டுவந்து கொட்டகையில் குவிக்கும் முறையும், அள்ளிப் போட லோடரும் வந்த பிறகுதான் இந்த வேகம் சாத்தியமானது. லோடர்களில் பல உள்ளூர்ப் பட்டறைகளில் பழைய ராணுவ லாரிகளின் மேல் கட்டப்பட்டவை. விமானிகளின் பெயர்கள் புத்தகங்களில் உண்டு. வாளியைத் தூக்கி இறக்கியே தோள் போன லோடர்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் பண்ணைக் கணக்கேடுகளோடு போய்விட்டன.

டைகர் மாத்துக்கு அடுத்து வந்த ஃப்ளெட்சர் எஃப்யூ-24 இத்தொழிலுக்காகவே பிறந்த விமானம். கலிஃபோர்னியாவில் ஜான் தார்ப் வடிவமைத்த அது 1954-இல் பறந்தது. விமானியின் இருக்கை முன்னால், உரத்தொட்டி அவருக்குப் பின்னால்; மூக்குச் சக்கரம்; தடித்த, தாழ்ந்த இறக்கை. குட்டையான, கரடுமுரடான தளத்தில் இறங்குவதற்கென்றே எல்லாம். முதல் நூறு விமானங்கள் பகுதிகளாகக் கப்பலில் வந்து நியூசிலாந்தில் பொருத்தப்பட்டன. 1960-களில் தயாரிப்பு உரிமையே ஹாமில்டனுக்கு வந்துசேர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 300 ஃப்ளெட்சர்கள் கட்டப்பட்டன. 1979-இல் டர்பைன் எஞ்சின் பொருத்திய கிரெஸ்கோ பறந்தது. ஒரு விவசாய நாடு தன் புல்லுக்காகத் தனக்கென விமானத் தொழிற்சாலையே நடத்தியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. இடையில் டிசி-3, லோட்ஸ்டார், பிரிஸ்டல் ஃப்ரெய்ட்டர் போன்ற பெரிய விமானங்களிலும் உரம் தூவினார்கள். அவற்றுக்குப் பெரிய தளம் வேண்டும். குன்றின் முதுகுக்கு ஃப்ளெட்சர்தான்.

செத்தவர்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்கக் கூடாது. கம்பியில் மாட்டியவர்கள், வளைவில் வேகம் இழந்தவர்கள், உரம் அடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாதவர்கள், பகல் முழுக்கப் பறந்த களைப்பில் குன்றைக் காணாதவர்கள். பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். டன் கணக்கில் கூலி என்பதால் நேரம் பணமாக இருந்தது. பணத்துக்காக வேகம், வேகத்துக்காக ஆபத்து. தொழில் தொடங்கிய முதல் இருபது ஆண்டுகளில் இது மிகக் கொடிய வேலையாக இருந்தது.

உரம் எங்கிருந்து வந்தது? சூப்பர் பாஸ்பேட்டின் மூலப்பொருளான பாறை, பசிபிக் தீவுகளான நவ்ருவிலிருந்தும் பனாபாவிலிருந்தும் வந்தது. 1919 ஒப்பந்தப்படி பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நவ்ருவின் பாஸ்பேட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டனுக்கு 42 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூசிலாந்துக்கு 16. சந்தை விலையில் வாங்கவில்லை; எடுத்த செலவுக்கே எடுத்துக்கொண்டார்கள். பனாபா மக்கள் 1945-இல் ஃபிஜியின் ராபித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பனாபாவில் சுரங்கம் 1979 வரை நடந்தது. நவ்ருவின் நடுப்பகுதி முழுக்கச் சுண்ணப்பாறை முனைகள் துருத்திய பாழ்நிலமாயிற்று. நவ்ரு 1989-இல் உலக நீதிமன்றத்துக்குப் போய், 1993-இல் உடன்பாடு ஏற்பட்டபோது ஆஸ்திரேலியா கொடுத்த இழப்பீட்டில் நியூசிலாந்தும் ஒரு பங்கை ஏற்றது. நவ்ரு என்ற பெயர் நம்மவர்களுக்கு வேறொரு துயரத்தோடு நினைவில் இருக்கிறது: ஆஸ்திரேலியா அங்கே நடத்திய அகதி முகாமில் ஈழத்தமிழர்களும் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த அந்தப் பாழ்நிலத்தின் ஒரு பகுதிதான் இந்த மலைகளில் புல்லாக நிற்கிறது. ஓடுதளங்களைப் பெருமையோடு எழுதும் எவரும் இந்தக் கடனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வீழ்ச்சியின் விதையும் அங்கேதான் இருந்தது. மலிவான பாறை, பிரிட்டன் என்ற உறுதியான சந்தை, அரசு உதவி: இந்த மூன்றின் மேல்தான் தளங்கள் நின்றன. நவ்ரு 1968-இல் விடுதலை பெற்றது, பிறகு சுரங்கத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அதே ஆண்டு எண்ணெய் விலை ஏறியது. அடுத்து மொராக்கோவின் பாஸ்பேட் விலை பன்மடங்காகியது. மூன்று கால்களில் இரண்டு ஆட்டம் கண்டபோது, அரசு மூன்றாவது காலைத் தடிமனாக்கியது. உரத்துக்கும் அதன் போக்குவரத்துக்கும் உதவித்தொகை, ஆடு பெருக்கினால் ஊக்கத்தொகை, புதுநிலம் திருத்தினால் கடன், 1978 முதல் குறைந்தபட்ச விலை உத்தரவாதம். 1982-இல் நாட்டின் ஆட்டுத்தொகை 7 கோடியைத் தாண்டியது. திருத்தவே கூடாத செங்குத்துச் சரிவுகளிலும் அந்த ஆண்டுகளில் உரம் விழுந்தது. பல ஓடுதளங்கள் அந்தக் கடைசி எழுச்சியில் வெட்டியவை. அவை பிறந்தபோதே நோயோடு பிறந்தன என்று சொல்ல வேண்டும்.

1984 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் ராஜர் டக்ளஸ் அந்த நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் விவசாய உதவித்தொகைகளைக் களையத் தொடங்கினார். விவசாயி முதலில் நிறுத்தக்கூடிய செலவு எது? கடன் தவணையை நிறுத்த முடியாது, கூலியை நிறுத்த முடியாது. உரத்தை நிறுத்தலாம், புல் இந்த ஆண்டே செத்துவிடாது. சில பருவங்களுக்குள் நாட்டின் உரப் பயன்பாடு செங்குத்தாக வீழ்ந்தது. விமான நிறுவனங்கள் மூடின, இணைந்தன, விமானங்களை விற்றன. உரம் போடாத முதல் ஆண்டில் ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட விவசாயி இரண்டாம் ஆண்டும் போடவில்லை. தளத்துக்குப் போகும் மண்பாதையைச் செப்பனிடும் வேலையும் அதோடு நின்றது.

உரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. வுட்வில் அருகே பாலன்ட்ரே மலை ஆய்வுப் பண்ணையில் 1970-களில் தொடங்கிய நெடுங்காலச் சோதனையில், சில நிலத்துண்டுகளுக்கு 1980-இல் சூப்பர் பாஸ்பேட் இடுவதை நிறுத்தினார்கள். கிளோவர் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. புல்லின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. சத்துக்குறைவைத் தாங்கும் தரக்குறைவான புல் வகைகள் ஏறிவந்தன. திடீர்ச் சாவு இல்லை. அந்த மெதுவான தேய்வுதான் பல பண்ணைகளை ஏமாற்றியது.

மாஸ்டர்ட்டனிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் மலைநாட்டில் கைவிடப்பட்ட ஒரு தளத்தை நிலக்காரரின் அனுமதியோடு ஏறிப் பார்த்திருக்கிறேன். கொட்டகையின் காங்கிரீட் தரை இன்னும் உறுதியாக இருந்தது. சூப்பரின் அமிலம் ஆணிகளைத் தின்றுவிட்டதால் கூரைத் தகரங்கள் ஒரு பக்கம் தொங்கின. லோடர் வாளி முட்டி முட்டி ஓரக்கட்டைகள் ஓர் ஆள் உயரத்துக்குப் பிறைவடிவில் தேய்ந்திருந்தன. வாசலில் சிந்திய உரத்தின் தடம் கண்ணுக்குத் தெரிந்தது: சுற்றிலும் வெளிறிய புல், அந்த இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சைக் கிளோவர். தளத்தின் நடுவில் மண் அமிழ்ந்து மழைநீர் ஒரு வாய்க்கால் போட்டிருந்தது. காற்றுப்பை கட்டிய கம்பத்தில் வளையம் மட்டும் மிச்சம். விமானம் திரும்பி நிற்கும் மேல் முனையில் நின்று கீழே பார்த்தேன். தளம் முடியும் விளிம்புக்கு அப்பால் ஒரு காலத்தில் வெறும் காற்று. இப்போது எதிர்ச்சரிவு முழுக்கப் பைன் மரங்கள், தளத்தின் மட்டத்துக்கே தலை உயர்த்தி நின்றன. இனி எந்த விமானமும் இங்கே எழும்ப முடியாது.

பைன் இந்த வீழ்ச்சியின் இரண்டாம் பாகம். 1988 மார்ச்சில் போலாப் புயல் கிஸ்பர்ன், கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் சில இடங்களில் சில நாட்களில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. உரம் போட்டுப் போற்றிய மேய்ச்சல் குன்றுகள் சேறாக வழிந்து ஆற்றில் சேர்ந்தன. மரம் நட்டிருந்த சரிவுகள் பெரிதும் தாங்கின. கேம்பெல் காலத்தில் மண்ணைக் காக்கப் புல், புல்லைக் காக்க உரம் என்று தொடங்கிய கொள்கைக்கு அதுவே கடும் பதில். 1990-களில் கிழக்குக் கடற்கரையில் அரசே மரம் நட உதவியது. 2008-இல் கரிம வணிகத் திட்டம் வந்தபின் ஆட்டைவிட மரம் லாபம் என்ற கணக்கு பல பண்ணைகளை விழுங்கியது. 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயலில் அறுவடைக் கழிவு மரங்கள் ஆற்றில் உருண்டு வந்து பாலங்களையும் வீடுகளையும் இடித்தபோது, பைனும் முழுத் தீர்வு இல்லை என்பது தெரிந்தது. ஆனால் தளங்கள் திரும்பி வரவில்லை. ஆட்டுத்தொகை இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே.

இன்றும் மலைப்பண்ணைகளுக்கு உரம் பெரும்பாலும் வானிலிருந்தே போகிறது. கிரெஸ்கோக்கள் செயற்கைக்கோள் வழிகாட்டலோடு, மேடு எது பள்ளம் எது என்று பிரித்தறிந்து அளவை மாற்றித் தூவுகின்றன. ஆனால் அவை சில நல்ல தளங்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. அக்கம்பக்கப் பண்ணைகள் சேர்ந்து ஒரு தளத்தைப் பேணுகின்றன. சிறிய துண்டு நிலங்களுக்கு ஹெலிகாப்டர் வருகிறது; அதற்கு ஓடுதளமே தேவையில்லை, லாரி நிற்க இடமிருந்தால் போதும். 2015-இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் தளத்தின் நிலைக்கு நிலக்காரரும் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கியது. அது நியாயமான சட்டம். முன்பே இருந்திருந்தால் பல இளைஞர்கள் பிழைத்திருப்பார்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் தளத்துக்காக அந்தப் பொறுப்பைச் சுமக்க விரும்பாதவர்கள் தளத்தை மூடினார்கள். குறுக்கே ஒரு வேலி போட்டால் முடிந்தது.

மண்ணில் எஞ்சியிருப்பதையும் சொல்ல வேண்டும். 1950, 60-களில் புல்வேர்ப் புழுவைக் கொல்ல உரத்தோடு டிடிடியைக் கலந்து தூவினார்கள். 1970-இல் கட்டுப்பாடு வந்தது. மண்ணில் அதன் எச்சம் பல பத்தாண்டுகள் தங்கியது. நவ்ருப் பாறையில் காட்மியம் அதிகம். ஆண்டுதோறும் சூப்பரோடு அதுவும் மேய்ச்சலில் சேர்ந்தது. இரண்டரை வயது தாண்டிய ஆடுமாடுகளின் சிறுநீரகத்தை உணவுக்கு விற்கக் கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது. 1990-களில் உரத் தொழிலே ஒரு வரம்பை ஏற்றுக்கொண்டது: ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 280 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியம் பற்றிய ஆய்வில் பாமர்ஸ்டன் நார்த்தின் மாசி பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. மேய்ச்சல் நிலங்களில் உரத்தால் சேர்ந்த காட்மியமும் ஃபுளோரினும் பற்றி 2003-இல் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வின் ஆசிரியர் வரிசையில் லோகநாதன், நந்தி போலன் என்ற பெயர்களைக் காணலாம். ஓடுதளங்களை வெட்டியதில் நமக்குப் பங்கு இல்லை. அவை மண்ணில் எதை விட்டுப்போயின என்று அளந்து சொன்னவர்களில் நமக்கு நெருக்கமான பெயர்கள் உண்டு என்பதை இங்கே பதிவு செய்வது பொருத்தம்.

விமானங்களைக் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆக்லாந்தின் மோட்டாட் அருங்காட்சியகத்தில் உரம் தூவிய லோட்ஸ்டார் நிற்கிறது. டைகர் மாத்களைப் பளபளவென்று வைத்துப் பறக்கவிடும் ஆர்வலர் குழுக்கள் உண்டு. ஆனால் ஓடுதளம் அருங்காட்சியகத்துக்குள் வராது. அது குன்றோடு இருந்தால்தான் பொருள். தேசிய நிலவரைபடத்தில் ஓடுதளம் என்று குறித்த கோடுகள் பலவும் நேரில் போனால் புதராகவோ மரமாகவோ இருக்கின்றன. அடுத்த பதிப்பில் கோடும் போய்விடும்.

ஒரு தளத்தையாவது முழுமையாகக் காத்துவைக்க வேண்டும். வைராராப்பாவில் இருந்தால் நல்லது. விமானப்படைச் சோதனை நடந்த மாஸ்டர்ட்டன் அங்கேதான் இருக்கிறது, வெலிங்டனிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஒரு நாளில் கூட்டிப்போய் வரலாம். கொட்டகை விழாத தளமாக, எதிரில் மரம் எழும்பாத தளமாக, நிலக்காரர் மனமுவந்து கொடுக்கும் தளமாகத் தேர வேண்டும். கூரையின் ஆணிகளை மாற்றி, நடுவில் ஓடும் வாய்க்காலை அடைத்து, கம்பத்தில் காற்றுப்பை ஒன்றைக் கட்டினால் போதும். பெரிய செலவு இல்லை. அதைவிட அவசரமானது லோடர்காரர்களின் வாய்மொழி. டைகர் மாத் காலத்தில் மூட்டை பிரித்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை ஒட்டியிருக்கும். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்தக் கோடையிலேயே யாராவது போக வேண்டும். எந்தத் தளத்தில் எந்தக் காற்றில் வேலையை நிறுத்துவார்கள், ஈர உரத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், விமானம் திரும்பி வராத காலையில் முதலில் யாருக்குச் சொன்னார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை.